குன்றின் மேல் இரண்டு மண்டபங்கள்: சிறுநூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

வாசகர் வட்ட உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றுப் பூங்காவில் கல்யாணப் படம் எடுத்தவர்களுக்கு அந்த இரண்டு வெள்ளை மண்டபங்கள் நினைவிருக்கும். உள்ளே சாமியும் இல்லை, சமாதியும் இல்லை. மேலே குவிமாடம், கீழே நிழல், அவ்வளவுதான். போன மாத நடையில் மழை பிடித்துக்கொள்ள, அங்கேதான் ஒதுங்கினோம். “இத யாருப்பா கட்டினது, எதுக்கு?” என்றார் நம் மூத்த உறுப்பினர் ஒருவர். இந்த மண்டபங்களின் கதையைச் சொல்லும் சிறுநூல் யோசனை அந்த மழையில் வந்தது.

மண்டபங்களை வடிவமைத்தவர் அயர்லாந்துக்காரரான ஜார்ஜ் கோல்மன் என்று கருதப்படுகிறது. இளைப்பாறக் கட்டியவையாம். அடிவாரத்து ஆர்மீனியத் தேவாலயமும் (1835) அவர் வடிவமைத்ததுதான். மண்டபங்கள் நிற்கும் புல்வெளி 1865 வரை கிறிஸ்தவ இடுகாடு. பிற்பாடு கல்லறைக் கற்கள் பலவற்றைப் பெயர்த்துச் செங்கல் மதிலில் பதித்தார்கள். 1844இல் இறந்த கோல்மனின் கல்லும் அங்கே இருக்கிறது.

நம் நூலுக்கு உயிர் தருவது இனி வரும் கதைதான். 1833இல் பொதுப்பணிக் கண்காணிப்பாளரான கோல்மன், சாலை போட இறக்கியது இந்தியக் கைதிகளை. 1825 முதல் சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பலில் வந்தவர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியதும் கைதிகளே. அதன் சுவருக்குப் பூசிய சாந்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர்! வெள்ளைக்காரர்கள் இதை ‘மெட்ராஸ் சுனாம்’ என்றார்கள். வேறொன்றுமில்லை, நம் சுண்ணாம்புதான், அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. குன்றின் மறுபக்கம் ஓடையில் துணி வெளுத்தவர்களின் பெயர் டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது (டோபி என்றால் வண்ணார்). தினம் ரயில் மாறுகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, காசு விஷயம். 48 பக்கம், கண்ணாடியைத் தேடாமல் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து, 300 பிரதி. படங்களையும் பக்க வடிவமைப்பையும் உறுப்பினர்களே இலவசமாகச் செய்கிறார்கள். அச்சுக்கும், வெளியீட்டு நாளன்று சக்கர நாற்காலியில் வருவோருக்கான வேனுக்கும் சேர்த்து 2,400 வெள்ளி வேண்டும். பத்து வெள்ளியானாலும் சரி, நூறானாலும் சரி. பேநவ் (மின்வழிப் பணப் பரிமாற்றம்) வழியாகவோ, மாதக் கூட்டத்தில் பொருளாளர் கையிலோ கொடுக்கலாம். ரசீது உண்டு. பணமாகத் தர முடியாதவர்கள் மெய்ப்புப் பார்க்க வாருங்கள், அதற்கும் ஆள் போதவில்லை.

நன்கொடையாளர் பெயர்கள் கடைசிப் பக்கத்தில் வரும். வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு முன் அச்சுக்குப் போகவேண்டும்.

செயற்குழு