அந்தக் கிதாரை விற்காதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மற்ற செய்திகளை அடுத்த முறை எழுதுகிறேன். கடைசி வரியில் கிதாரை விற்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதற்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும். சதுரங்கத்தில் ராணி போனதுமே பலகையை மடித்துவைப்பவன்தானே நீ!

ஒரு கம்பியைச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் கலைந்துவிடுகின்றன என்று புலம்பியிருக்கிறாய். கலையத்தான் செய்யும். உன் கிதாரில் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் உடலோடு இறுக்கப்பட்டதில்லை. இரண்டு தண்டுகளின் மேல் கத்திமுனையில் நிற்கிறது. முன்னால் கம்பிகள் இழுக்கின்றன, பின்னால் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன, தராசு போல. ஆறாவது கம்பியை முறுக்கினால் பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது, மற்றவை தளர்ந்து சுருதி இறங்குகின்றன. மெல்லிய ஒன்பதாம் எண் கம்பிகளில் மொத்த இழுவை சுமார் 38 கிலோ, அதைவிடத் தடித்த பத்தாம் எண்ணில் ஏறத்தாழ 47 கிலோ. நீ கம்பியை மாற்றினாய், ஸ்பிரிங்கைத் தொடவில்லை. கிதார் வேறென்ன செய்யும்?

இப்படிச் செய்து பார். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் நட் பூட்டுகளைத் தளர்த்து, பிரிட்ஜில் இருக்கும் சின்னத் திருகுகளான ஃபைன் டியூனர்களை நடுவில் வை. பிரிட்ஜ் உடலுக்கு இணையாக நிற்கும் உயரத்தில், அதன் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு மரத்துண்டை வை. பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் இறுக்கு. பிரிட்ஜ் அந்த மரத்தின்மேல் அழுந்தி உட்கார வேண்டும். இனி அது அசையாது, சாதாரணக் கிதாரைப் போல ஆறு கம்பிகளையும் சேர்க்கலாம். ஒவ்வொன்றையும் கையால் இழுத்து இழுத்து விட்டு, மறுபடி சேர். புதுக் கம்பி நீண்டு முடியும்வரை இதில் அவசரப்படாதே, உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

அதன் பிறகுதான் முக்கியமான கட்டம். மரத்தைப் பிடுங்காதே. பிடுங்கினால் ஸ்பிரிங் ஜெயித்து எல்லாக் கம்பிகளும் ஏறிவிடும். பின்னால் இருக்கும் திருகுகளை மாறி மாறிக் கால் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வா. ஒரு கட்டத்தில் மரத்துண்டு தானாகவே நழுவும். அந்தக் கணத்தில் இரண்டு பக்க இழுவையும் சமம். சுருதி அப்படியே நிற்கும். இதைச் செய்யும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் துள்ளுகிறது. பிறகு நட்டைப் பூட்டு, மிச்சத்தை ஃபைன் டியூனர் பார்த்துக்கொள்ளும்.

பிரிட்ஜை ஆட்டும் கைப்பிடியை அழுத்தி விட்டதும் சுருதி இறங்கியே நின்று, மேலே இழுத்து விட்டால் ஏறியே நின்றால், எங்கோ உராய்வு இருக்கிறது. கத்திமுனை தேய்ந்திருக்கிறதா என்று பார். தண்டுகளின் உயரத்தை மாற்ற வேண்டுமானால், முதலில் கம்பிகளைத் தளர்த்திவிடு. முழு இழுவையில் திருகினால் அந்த முனைதான் பாழாகும்.

பிரிட்ஜை மரக்கட்டை வைத்து நிரந்தரமாக அடைத்துவிடச் சொன்னாராமே நம் டிரம்ஸ்காரர். அடைத்தால் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை கலையாது, அது உண்மை. ஆனால் அந்த ஸ்வரத்தை மேலே தூக்கி நடுங்கவிடுவாயே, அது போய்விடும். உன் வாசிப்பில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. சுருதிதான் காரணமா? அப்பா போன பிறகு நீ வாசித்ததாக எந்தக் கடிதத்திலும் இல்லை. பணம்தான் பிரச்சினை என்றால் அதையும் சொல், வழி பார்க்கலாம். எதுவானாலும் என் அடுத்த கடிதம் வரும்வரை யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே.

இப்போது போட்டிருப்பது ஒன்பதா, பத்தா? பின்னால் எத்தனை ஸ்பிரிங் இருக்கிறது என்றும் எண்ணி எழுது.

அன்புடன்,
உன் நண்பன்