பெனரில் இருந்த பிள்ளைகள் அப்புறம் எங்கே போனார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் பிரமாதமாகச் சித்தியடையும் பிள்ளைகள், பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தால் எல்லோரையும் போலத்தான் இருக்கிறார்கள் என்றும், விடாமுயற்சி இல்லாததும் பெற்றோரின் அக்கறையின்மையுமே அதற்குக் காரணம் என்றும் எழுதியிருந்தார். முதல் பாதியை ஓரளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது பாதியை அவர் எதைப் பார்த்து எழுதினாரோ தெரியவில்லை.

நான் மஸ்கெலியா டவுனில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். சிவனொளிபாதமலை சீசன் மாதங்களைக் கழித்துவிட்டால் என் பிழைப்பு முழுக்கத் தோட்டத்துச் சனங்களை நம்பித்தான். புலமைப்பரிசில் பெறுபேறு வெளிவந்ததும் பெனர் அடிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். பிள்ளையின் படம், புள்ளி, பாடசாலை பெயர், அதிபர், வகுப்பாசிரியர், கீழே வாழ்த்துவோர். (வாழ்த்துகிறவர் படம் பிள்ளையின் படத்தைவிடப் பெரிதாக வர வேண்டும் என்று கேட்பதும் உண்டு. அடித்துக் கொடுத்துவிடுவேன், தேர்தல் வந்தால் அவர்களும் வாடிக்கையாளர்கள்தானே.) அதே பிள்ளை சில வருடத்தில் அடையாள அட்டைப் படத்துக்கு வரும். அப்புறம் வேலைக்கு விண்ணப்பிக்க சுயவிவரக் கோவை டைப் பண்ண வரும். அதன் பிறகு கல்யாண ஆல்பம், இல்லாவிட்டால் பாஸ்போர்ட் படம். ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் இருக்கும் வரைக்கும்தான் பிள்ளையைப் பார்க்கிறார். நான் பத்து வயதிலும் பார்க்கிறேன், முப்பதை நெருங்கும்போதும் பார்க்கிறேன்.

ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன், பெயரும் தோட்டமும் வேண்டாம். மேல்பிரிவு லயத்துப் பையன். அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பா கொழும்பில் கடை வேலை. 2008இல் புலமைப்பரிசிலில் 170க்கு மேல் எடுத்தான். அந்த வருடம் நான் அடித்த பெனர்களில் அதுதான் பெரியது. தோட்டத்து வாசலில் தலைவர்மார் எல்லோரும் நின்று மாலை போட்டார்கள். வெளியூர்ப் பாடசாலை ஒன்றில் தரம் ஆறுக்கு இடம் கிடைத்து, விடுதியில் சேர்த்தார்கள். சீட்டுக் காசையும் தோட்டத்து அட்வான்சையும் சேர்த்து அம்மா முதல் தவணைக் கட்டணத்தைக் கட்டினார். இரண்டாம் தவணையும் ஒருமாதிரி சமாளித்தாகிவிட்டது. அதற்கடுத்த வருடம் கட்டணம் பிந்தியபோது கட்டாதவர்களை வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னார்களாம். எழுந்து நின்றது இவன் ஒருவன் மட்டும். லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை.

தோட்டத்துப் பாடசாலையிலேயே ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதினான், கணிதத்தில் ஏ. கணிதப் பிரிவில் ஏ.எல். (உயர்தரம்) படிக்க ஹட்டனுக்குப் போக வேண்டும். பஸ் காசு, டியூஷன் காசு, பிந்தினால் சாப்பாட்டுக் காசு. வீட்டில் இரண்டு தங்கைகள். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போய்விட்டான். போன தீபாவளிக்கு வந்தவன் சொன்னான்: “அண்ணே, கடையில எந்தச் சாமான் எத்தனை கிடக்குன்னு கொம்பியூட்டரைப் பார்க்க மாட்டாங்க, என்னையத்தான் கேட்பாங்க. நான் ரெண்டு நாள் லீவு போட்டா முதலாளிக்குக் கை ஓடாது.” பெருமையாகத்தான் சொன்னான். தங்கைகளில் ஒருத்தி இப்போது தாதியர் பயிற்சியில் இருக்கிறாள், செலவு இவனுடையது. இந்தப் பையனிடம் விடாமுயற்சி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இன்னொரு பிள்ளை, பெண். அவளுக்கும் நான்தான் பெனர் அடித்தேன். டாக்டராக வருவாள் என்று ஊரே சொன்னது. அவள் போகக்கூடிய தூரத்தில் இருந்த பாடசாலையில் ஏ.எல்.லுக்குக் கலைப் பிரிவுதான் இருந்தது. அதையே நன்றாகப் படித்து, பேராதனைக்குப் போய், இப்போது தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. சாமர்த்தியசாலி. ஆனால் இன்றைக்கும் சில பேர் “எவ்வளவோ எதிர்பார்த்தோம்” என்று இழுக்கிறார்கள். எதிர்பார்த்தவர்கள் ஒரு விஞ்ஞான வாத்தியாரையும் கேட்டு வாங்கியிருக்கலாம்.

மூன்றாவது ஆளுக்குப் பெனர் கிடையாது. புலமைப்பரிசிலுக்கு வேண்டிய வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு. அழுதுகொண்டே வந்து பாடசாலைக் குழுப் படத்துக்கு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் அப்பாவுக்கு டவுனில் சின்னச் சாப்பாட்டுக் கடை, மாமா ஒருவர் கணித ஆசிரியர். மாமா வீட்டிலேயே தங்கிப் படித்தான். மொரட்டுவையில் பொறியியல் முடித்துவிட்டு இப்போது வேலையில் இருக்கிறான். ஹார்ட்வெயார் கடைப் பையனைவிட இவன் கெட்டிக்காரனா? இரண்டு பேரையும் அறிந்த ஆசிரியர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

என் மகள் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படித்து ஆசிரியையானவள். இதையெல்லாம் நான் வீட்டில் புலம்பியபோது, “அப்பா, இதை ஒருத்தர் நூறு வருசத்துக்கு முன்னாடியே பார்த்திருக்கிறார்” என்று சொல்லித் தந்தாள். அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர், 1921இல் தொடங்கி, கலிபோர்னியாவில் நுண்ணறிவுப் பரீட்சையில் மிக உயர்ந்த புள்ளி எடுத்த 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தெரிவுசெய்தார். அவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு விடவில்லை. என்ன படித்தார்கள், என்ன வேலை, எவ்வளவு வருமானம், உடம்புக்கு எப்படி என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டெர்மன் 1956இல் இறந்த பிறகும் மற்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள்.

அதில் தெரிந்தவை பல. கெட்டிக்காரப் பிள்ளைகள் நோஞ்சான்களாகவும் பைத்தியங்களாகவும் போவார்கள் என்று அந்தக் காலத்தில் இருந்த பேச்சு பொய் என்று தெரிந்தது. பெரும்பாலானோர் ஆரோக்கியமாகவும் வசதியாகவும் வாழ்ந்தார்கள். ஆனால் அந்த 1,500 பேரில் ஒருவருக்குக்கூட நோபல் பரிசு கிடைக்கவில்லை. புள்ளி போதாதென்று அதே பரீட்சையில் கழிக்கப்பட்ட இரண்டு பையன்களுக்குக் கிடைத்தது: வில்லியம் ஷாக்லிக்கு 1956இல், லூயிஸ் அல்வாரெஸுக்கு 1968இல், இரண்டும் பௌதிகத்துக்கு. எங்கள் ஊர் பாஷையில் சொன்னால் வெட்டுப்புள்ளியில் தவறியவர்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த ஆண்களில் மிக நன்றாக வந்தவர்கள் 150 பேரையும் அப்படி வராதவர்கள் 150 பேரையும் தனியே எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். சிறுவயதுப் புள்ளியில் பெரிய வித்தியாசம் இல்லை. தகப்பன்மாரின் படிப்பிலும் வீட்டு நிலைமையிலும் வித்தியாசம் பெரிதாக இருந்தது. தன்னம்பிக்கையிலும் விடாமுயற்சியிலும்கூட இருந்தது. ஆமாம், விடாமுயற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கடிதம் எழுதிய வாசகர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். அது எந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் எனக்குச் சம்மதம்.

இன்னொன்று. டெர்மன் தன் பிள்ளைகளில் பலருக்குப் பல்கலைக்கழகத்தில் சேரச் சிபாரிசுக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஆராய்ச்சிக்கு அது குற்றம் என்று பிறகு வந்தவர்கள் சொல்கிறார்கள், நியாயம்தான். ஆனால் பாருங்கள், அவர்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். எங்கள் மேல்பிரிவுப் பையனுக்கு விடுதிக் கட்டணத்துக்கு ஒரு மாதத் தவணை கேட்டுக் கடிதம் எழுதக்கூட ஆள் இருக்கவில்லை. பெனரில் வாழ்த்தியவர்கள் ஏழு பேர்.

அதற்காகப் பிறவித் திறமை என்று ஒன்றே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1971இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்பவர் தொடங்கிய இன்னோர் ஆய்வு இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கணிதத்தில் அசாதாரணமாக இருந்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்தது அது. அவர்களில் கலாநிதிப் பட்டமும் கண்டுபிடிப்புக் காப்புரிமையும் பெற்றவர்கள் சாதாரண வீதத்தைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் அங்கேயும் பார்த்தால், வகுப்பைத் தாண்டி வேகமாகப் படிக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள்தான் கூடுதலாகச் சாதித்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைக்கு வகுப்பைத் தாண்ட வேண்டாம் ஐயா. அந்த வகுப்புக்கு வாத்தியார் வந்தால் போதும்.

நம் ஆளையே எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்து இராமானுஜன் 1897இல் ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவர். இன்றென்றால் பெனர் அடித்திருப்போம். அதற்குப் பிறகு கல்லூரிப் பரீட்சையில் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்து, 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கிளார்க் வேலைக்குப் போனார். அந்த அலுவலகத்தில் அவருக்கு மேலிருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவராக இருந்தது அதிர்ஷ்டம். துறைமுகத் தலைவராக இருந்த வெள்ளைக்காரத் துரையும் உதவினார். 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். ஹார்ட்வெயார் முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் அவர் நாராயண ஐயர் இல்லை.

இனி காசு விஷயம். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் உதவித் தொகையாக மாதம் 750 ரூபாய் கிடைத்து வந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,500 ஆக்கினார்கள். நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் 2024இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாய் ஆகிவிட்டது. அதாவது அப்போதைய கணக்கில், அரசாங்கம் நாட்டிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று பொறுக்கி எடுத்தவர்களுக்கு மாதத்துக்குக் கொடுத்தது, அம்மா ஒரு நாள் முழுப்பேர் போட்டு (முழு நாள் வேலை செய்து) எடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம். விடுதிக்கு இது எந்த மூலைக்கு?

பல்கலைக்கழக அனுமதியில் சலுகை இருக்கிறதே என்பார்கள். உண்மை. 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அந்தச் சலுகை ஏ.எல். எழுதியவனுக்குத்தான். ஏழாம் தரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவனுக்கும், பதினாறில் புறக்கோட்டைக்குப் பஸ் ஏறியவனுக்கும் அதில் ஒன்றுமில்லை. பத்து வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் காலத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. என் கடைக்கு அடையாள அட்டைப் படத்துக்கு வரும்போது “இப்ப என்ன படிக்கிற?” என்று கேட்டால், சில பிள்ளைகள் பதில் சொல்லாமல் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டிருக்கும்.

தோட்டத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை கட்ட வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அடிக்கல் நாட்டும் படம் எடுக்க நானும் போவேன், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதைவிடச் சின்ன வேலை ஒன்று இருக்கிறது. தரம் ஐந்து பெறுபேறும், ஓ.எல். பெறுபேறும், ஏ.எல். பெறுபேறும் ஒரே பரீட்சைத் திணைக்களத்திடம்தான் இருக்கின்றன. சுட்டெண்கள் வேறு வேறுதான். பெயர், பிறந்த திகதியை வைத்துப் பொருத்துவது இந்தக் காலத்தில் முடியாத காரியமா? 2005இலிருந்து 2015 வரை தோட்டப் பாடசாலைகளிலிருந்து சித்தியடைந்தவர்களை மட்டும் எடுத்து, ஓ.எல். வரை வந்தவர்கள் எத்தனை பேர், ஏ.எல். எழுதியவர்கள் எத்தனை பேர், எந்தப் பிரிவில் எழுதினார்கள் என்று பார்க்கட்டும். ஓ.எல்.லுக்கு அப்புறம் பெயரே காணாமல் போனவர்களை வலயக் கல்வி அலுவலகங்கள் தோட்டம் தோட்டமாகத் தேடிப் போய்க் கேட்கட்டும். கிராம சேவகரைக் கேட்டால் யார் எங்கே என்று சொல்வார், கோயில் கமிட்டியைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். கணக்கெடுக்கிறவர்கள் கொழும்புக் கடைகளிலும் கார்மென்ட்ஸிலும் ஜோர்தானிலும் இருப்பவர்களை விட்டுவிட்டு, ஏ.எல். எழுதியவர்களை மட்டும் எண்ணக் கூடாது. அப்படி எண்ணினால் கணக்கு நன்றாகத்தான் வரும்.

இப்படிக்கு,
ஸ்டூடியோக்காரர் ஒருவர்,
மஸ்கெலியா.