வெயில் வராத கொல்லைக்கு

பெர்ன்ஹில், ஊட்டி
தை 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வடக்குப் பார்த்த சுவர், பக்கத்து வீட்டு மரத்தின் நிழல், நடுவே பாசி பிடித்த மண். "வெயிலே எட்டிப் பார்க்காத இடம், பேசாமல் கல் பாவிவிடலாம் என்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். கல் பாவ வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகவே சொல். அது பெரணிக்கென்றே, அங்கே ஃபெர்ன் என்பார்களே, அதற்கென்றே அமைந்த இடம். பெர்ன்ஹில்லில் வளர்ந்த பெண்ணுக்கு ஊர்ப்பெயரே ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாமா?

ஆனால் நம் வீட்டிலிருந்து எதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்காதே. தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் உன் ஊர் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். விட்டாலும் நீ ஆசைப்படும் வெள்ளிப் பெரணி எடின்பரோ குளிரில் பிழைக்காது. அது பர்லியாறு பக்கத்துச் சூட்டில் வளர்வது. ஐந்தாம் வகுப்பில் அதன் இலையைக் கவிழ்த்து உன் நீலப் பாவாடையில் அழுத்தி எடுத்தாய். வெள்ளைப் பொடி நரம்பு நரம்பாக அச்சு விழுந்திருந்தது. துவைத்தும் இரண்டு நாளைக்கு மங்கலாகத் தெரிந்தது. திட்டத்தான் செய்தேன். ஆனால் மறுநாள் வகுப்பில் நானே ஒன்றைப் பறித்துப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன்.

உனக்கு வேண்டியது பனியிலும் பச்சை மாறாத வகைகள். அவற்றில் சில உங்கள் நாட்டிலேயே காட்டில் வளர்பவை. எந்த நாற்றுப் பண்ணையிலும் கிடைக்கும். பாலிஸ்டிக்கம் செட்டிஃபெரம் என்று கேட்டு வாங்கு. இலை மென்மையாக இருக்கும், சுற்றிலும் விசிறிபோல விரியும். மரத்தடியில் மண் கொஞ்சம் காய்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆஸ்ப்ளீனியம் ஸ்கோலோபென்ட்ரியம் என்று ஒன்று உண்டு, அங்கே அதற்கு மான் நாக்கு என்று பெயர். பெரணி என்றால் சீப்புப் பல்போல இலை இருக்கும் என்று நினைப்பவர்களை ஏமாற்றும் செடி. பிளவே இல்லாமல் நீள நாக்காகத்தான் இருக்கும். அதற்குச் சுண்ணாம்புச் சத்துள்ள மண் பிடிக்கும். பிளெக்னம் ஸ்பைகண்ட் நேர் எதிர், சுண்ணாம்பைக் கண்டால் ஆகாது. நம் தேயிலை மண்போலப் புளிப்பு மண் கேட்கும். அதனால் இரண்டையும் ஜோடியாக வாங்கிவிடாதே. முதலில் மண்ணைச் சோதித்துக்கொள். கடையில் சின்னச் சோதனைப் பெட்டி கிடைக்கும். சுவர் இடுக்குக்குப் பாலிபோடியம் போதும்.

ஏப்ரலிலோ செப்டம்பரிலோ நடு. குழியில் இலைமக்கு தாராளமாகப் போடு, உரம் வேண்டாம். செடியின் நடுவே குருத்துகள் சுருண்டு கிடக்கும் முடிச்சு இருக்கிறதே, அது மண்மட்டத்தில் இருக்க வேண்டும். அதைப் புதைத்தால் அழுகிவிடும். முதல் வருடம் மட்டும் தண்ணீரில் கண்ணாயிரு. அப்புறம் உங்கள் ஊர் மழையே பார்த்துக்கொள்ளும்.

இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக வரும். நோய் என்று மாப்பிள்ளை மருந்து அடித்துவிடப் போகிறார். அவை ஸ்போர் பைகள், விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் தூள் இருக்கும் பைகள். முற்றியதும் ஒரு இலையை வெள்ளைத் தாளில் ஓர் இரவு வைத்துப் பார், காலையில் காப்பிப் பொடிபோல உதிர்ந்திருக்கும். நான் அதை வெந்நீர் ஊற்றி ஆறவைத்த மண்ணில் தூவி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூடி, ஜன்னலோரம் வைத்தேன். சில வாரத்தில் பச்சைப் படலம். பிறகு நகக்கண் அளவில் இதய வடிவத் தகடுகள். புரோதாலஸ் என்று பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! பாட்டிலுக்குள் பார்த்தபோதுதான் அது எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தது. 1829இல் லண்டனில் வார்டு என்ற மருத்துவர் அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவை மூடிய பாட்டிலில் வைத்திருந்தார். அதிலிருந்த மண்ணில் தானாகப் பெரணி முளைத்தது. அதைப் பார்த்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பின்னால் தேயிலை நாற்றுகள் கடல் தாண்டின. உன் அப்பா முப்பது வருடம் சம்பளம் வாங்கிய தொழிலுக்கும் ஒரு பெரணியிடம் கடன் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் உண்டு. மார்கழியில் நான் கோயம்புத்தூர் போய் வந்த நாலு நாளில் அவர் கொல்லையைச் "சுத்தம்" செய்துவிட்டார். தேயிலையில் கவாத்துப் பார்த்த கை, சாய்ந்த இலையைக் கண்டால் சும்மா இருக்காது. தேயிலையை வெட்டினால் பக்கமெல்லாம் துளிர்க்கும். பெரணிக்கு அந்த நடு முடிச்சு ஒன்றுதான். பழைய இலைகள் சாய்ந்து கிடந்து அதற்குப் போர்வையாக இருக்கும். பச்சையாக இருக்கும் வரை அவைதான் செடிக்குச் சோறும் போடும். எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டார். அடுத்த வாரமே வானம் வெளுத்து, இரண்டு இரவு உறைபனி. தாவரவியல் பூங்காவில் செடிகளுக்குக் கோத்தகிரி மிலாறு என்ற செடிக் கொப்புகளைப் போட்டு மூடுவார்களே, அதுபோல மூடவும் எனக்குத் தோன்றவில்லை. காலையில் விரலால் தொட்டேன், முடிச்சு வெந்த கத்தரிக்காய்போலக் குழைந்தது. ஏழில் மூன்று போயிற்று.

நீயும் குளிர்காலம் முழுக்க அசிங்கமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடு. மார்ச்சில் புதுக் குருத்து பூனை வால்போலச் சுருண்டு மேலே வரத் தொடங்கும்போது பழையதை வெட்டு. அப்போதும் தாமதித்தால் பிஞ்சுக் குருத்தோடு சேர்ந்து வெட்டுப்படும்.

மிச்சமிருக்கும் நாலுக்கும் மிலாறு போட்டு மூடியிருக்கிறேன். உன் அப்பா தினமும் காலையில் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றுவிட்டு வருகிறார், ஒன்றும் பேசுவதில்லை. நேற்று மட்டும், "கவாத்துக் கத்தரியைக் காணோமே" என்றார். அது அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. போனில் பேசும்போது உளறிவிடாதே.

அன்புடன்,
அம்மா