ஃபர்னிச்சர் கடைக் கட்டடத்தை 24 மணி நேரப் பார்சல் கிடங்காக மாற்றுவதற்கு ஆட்சேபணை மனு

அனுப்புநர்:
கட்டடத்தின் பின்தெருவில் குடியிருப்போர்

பெறுநர்:
நகரமைப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: வணிகக் கட்டடம் – உபயோக மாற்றம் – ஆட்சேபணை தெரிவித்தல் – நேரடி விசாரணை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

எங்கள் தெருவை ஒட்டிப் பல வருடங்களாக இயங்கிவந்த ஃபர்னிச்சர் கடை மூடப்பட்டு, அதே கட்டடத்தில் 24 மணி நேரமும் இயங்கும் பார்சல் கிடங்கு வரவிருக்கிறது. "ஏற்கெனவே வணிகக் கட்டடம், புதிய கட்டுமானம் ஏதுமில்லை" என்று விண்ணப்பத்தில் ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். சுவர் மாறவில்லை, சரி. உள்ளே நடக்கும் வேலை அடியோடு மாறுகிறதே.

கடை இருந்தபோது வாரத்துக்கு இரண்டு மூன்று லாரி வரும், அதுவும் பகலில். கட்டில், பீரோ பார்க்க வருகிறவர்கள் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திவிட்டுப் போவார்கள். கிடங்கின் கதை வேறு. நள்ளிரவுக்கு மேல் பெரிய லாரிகள் சரக்கை இறக்கும். அதைப் பிரித்து அடுக்கியதும், விடிவதற்குள் வேன்களும் இருசக்கர வண்டிகளும் ஏற்றிக்கொண்டு கிளம்பும். பார்சல் மறுநாளே கைக்கு வர வேண்டுமென்றால் இந்த வேலை ராத்திரியில்தான் நடந்தாக வேண்டும். (நாங்களும் பார்சல் வாங்குகிறவர்கள்தான். தொழிலே கூடாது என்று சொல்ல வரவில்லை.)

அனுமதி வரும் முன்பே 'சோதனை ஓட்டம்' என்று நான்கு இரவுகள் நடத்திப் பார்த்தார்கள். லாரி பின்னால் வரும்போது அடிக்கும் பீப் சத்தம் முதலில். அப்புறம் லாரிக்கும் மேடைக்கும் நடுவே போடும் இரும்புத் தகடு டமார் என்று விழும். தள்ளுவண்டி ஒவ்வொரு முறை அதில் ஏறும்போதும் இரண்டு தட்டு: முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. மூன்றாம் இரவில் படுத்தபடியே அதை எண்ண ஆரம்பித்துவிட்டோம்.

விண்ணப்பத்தோடு இணைத்துள்ள ஒலி அறிக்கையில் சராசரி டெசிபல் மட்டும்தான் இருக்கிறது, அளந்ததும் பகலில். தூக்கத்தைக் கலைப்பதோ திடீர்ச் சத்தம். உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதலே படுக்கையறைக்கு இரண்டு அளவுகளைத் தனித்தனியாகச் சொல்கிறது: தொடர்ந்து கேட்கும் சத்தத்துக்கு 30 டெசிபல், அவ்வப்போது எழும் சத்தத்துக்கு 45 டெசிபல். இந்த இரண்டாவது அளவைப் பற்றி அறிக்கையில் பேச்சே இல்லை. எட்டு மணி நேரத்துக்குச் சராசரி போட்டால், ஒரு நொடி விழும் தகடு கணக்கில் கரைந்துபோகும்.

எனவே, 'வணிகம்தானே' என்று கோப்பை முடித்துவிடாமல், இதை உபயோக மாற்றமாகவே எடுத்துக்கொண்டு எங்களையும் அழைத்து விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அனுமதி தருவதாக இருந்தால், இரவு 10 முதல் காலை 6 வரை சரக்கு ஏற்றி இறக்கத் தடை, இறக்கும் மேடையை முன்சாலைப் பக்கம் மாற்றுவது, வண்டிகள் வளாகத்துக்குள்ளேயே காத்திருப்பது ஆகியவை உத்தரவிலேயே நிபந்தனையாக வர வேண்டும். "பார்த்துக்கொள்கிறோம்" என்று மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். நாளை அவர் மாறிப் போனால் அந்த வாக்கை யாரிடம் போய்க் கேட்பது?

உத்தரவு போடும் முன், அதே சோதனை ஓட்டத்தை இன்னும் ஒரே ஒரு இரவு நடத்தச் சொல்லி, தாங்கள் எங்கள் வீட்டு மாடிக்கு வந்து கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு வந்தாலும் கதவைத் திறக்கிறோம். அன்றைக்கு எப்படியும் விழித்துத்தான் இருப்போம்.

இப்படிக்கு,
பின்தெருக் குடியிருப்போர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)