காற்றாலைப் பெரியவருக்கு நன்றி

நெதர்லாந்தின் சான்ஸே ஸ்கான்ஸ் கிராமத்தில், 'டே கட்' காற்றாலையில் என் அம்மாவைக் கைபிடித்து மாடிக்கு ஏற்றிவிட்ட பெரியவருக்கு மனமார்ந்த நன்றி. கீழ்த்தளத்தில் ஓவியர்களுக்கான வண்ணப்பொடி அரைக்கும் இடத்திலிருந்து அம்மா நகரவே இல்லை. நிமிர்ந்து நின்று உருளும் இரண்டு பெரிய கல் சக்கரங்கள். அவை சுற்றும்போது தரையே அதிர்கிறது. அப்புறம்தான் அந்தச் செங்குத்தான ஏணிப்படி. அம்மாவுக்கு முழங்கால் வலி என்று பார்த்ததுமே புரிந்துகொண்டீர்கள். பின்னாலேயே நின்று, அவசரப்படுத்தாமல், ஒவ்வொரு படியாக ஏறவைத்தீர்கள். மேலே போனதும், காற்று திசை மாறினால் ஆலையின் தலைப்பகுதியை மட்டும் எப்படித் திருப்புவீர்கள் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அம்மா அதைச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், ஐயா.