கரண்டு போனால் முதலில் நிற்பது தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்கால மின்தடையை வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். டார்ச், பவர் பேங்க், இன்வெர்ட்டர் என்று எல்லாவற்றையும் பற்றிச் சொல்லியிருந்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிக் குடியிருக்கும் எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இடவப்பாதி மழை என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி மழை இரண்டுமே எங்கள் பகுதிக்கு உண்டு. கம்பி போகிற வழியெல்லாம் ரப்பரும் தென்னையும். ரப்பர் பலமான காற்றுக்குத் தாங்காது, நடுவில் முறிந்து கம்பிமேல் சாயும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் விழுந்தன. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத தூத்தூர், சின்னத்துறை வீடுகளின் துயரத்துக்கு முன்னால் எங்கள் கஷ்டம் ஒன்றுமே இல்லை. அதைச் சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு மனம் வரவில்லை. வேறு மாவட்டங்களிலிருந்து வந்து இரவு பகலாகக் கம்பம் நட்ட மின் ஊழியர்களையும் மறக்க மாட்டோம்.

அந்த நாட்களில் இருட்டு சீக்கிரமே பழகிவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே சமைத்து, பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுப் படுத்தோம். மிக்ஸி இல்லாவிட்டால் அம்மி இருக்கிறது. மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) அவித்து, காந்தாரி மிளகாயையும் உள்ளியையும் உப்பு வைத்துத் தட்டி, தேங்காய் எண்ணெய் ஊற்றினால் ஒரு வேளை முடிந்தது. விழுந்த ரப்பர் மரமெல்லாம் விறகானது. ஃபிரிட்ஜில் இருந்த மீனை முதல் நாளே எடுத்து உப்பு போட்டுவிட்டோம். இதற்கெல்லாம் ஏதாவது ஒரு வழி கிடைத்துக்கொண்டே இருந்தது.

தண்ணீருக்குத்தான் வழி இல்லை. மாடியில் இருக்கும் டாங்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒன்றிரண்டு நாளில் காலி. வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது 275 லிட்டர், அதாவது பத்து லிட்டர் வாளியில் இருபத்தேழு, இருபத்தெட்டு வாளி. குடிப்பதும் சமைப்பதும் அதில் கொஞ்சம்தான். கக்கூசுக்கும் குளிக்கவும் துணிக்கும்தான் பெரும்பங்கு போகிறது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். ஒரு குதிரைத் திறன் மோட்டார் என்றால் 746 வாட், அதுவும் கிளம்பும் நேரத்தில் பல மடங்கு இழுக்கும். ஃபேனும் லைட்டும் ஓடுவதற்காக வீட்டில் வைத்திருக்கும் சாதாரண இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. புயலுக்கு அப்புறம் சிலர் டெம்போவில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்து, மணிக்கணக்கில் வாடகை வாங்கி டாங்க் நிறைத்துக் கொடுத்தார்கள். காசு இருந்தவர்கள் நிறைத்துக்கொண்டார்கள். கூலிக்கு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், மரமே விழுந்து வேலை போயிருக்கும் நேரத்தில், அதற்கு எங்கே போவார்கள்?

எங்கள் பக்கத்தில் கிணறு இல்லாத பழைய வீடு அபூர்வம். ஐந்தாறு ஆள் ஆழத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் எடுக்க முடியவில்லை! மோட்டார் வந்ததும், வாளிக் கயிறு ஓடும் உருளையான கப்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கப்பி தொங்கிய தூணையும் இடித்தாயிற்று. குழந்தைகள் விழாமல் இருக்கக் கம்பிவலையை முழுதாகப் பற்றவைத்து மூடியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மாமியார் மட்டும் கப்பியைக் கழற்ற விடவே இல்லை. "மோட்டாரு உன் பேச்சைக் கேக்குமா?" என்று கேட்பார். புயல் முடிந்த மறுநாள் காலையிலிருந்து எங்கள் கிணற்றடியில் கூட்டம்தான். குடத்தோடு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கிணறு உள்ள வீட்டுக்காரர்கள். கயிறு இழுத்துக் கைத்தோல் உரிந்தது எல்லாம் பெண்களுக்கு. நைலான் கயிறு உள்ளங்கையை அறுக்கும், தேங்காய் நாரில் திரித்த தும்புக் கயிறுதான் பிடிக்கச் சுகம்.

போர்வெல் மட்டும் நம்பியிருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். அந்தக் குழாய்க்குள் வாளி இறங்காது. முன்பு தெருமுனையில், பள்ளிக்கூட வாசலில் அடிபம்பு நிற்கும். 1970களில் நம் நாட்டிலேயே வடிவமைத்த இந்தியா மார்க் 2 பம்பு அது. ஒரு சிறு பிள்ளைகூடத் தொங்கித் தொங்கி அடித்துவிடும். இப்போது பல இடங்களில் அதைப் பிடுங்கிவிட்டு, அதே துளையில் மோட்டாரை இறக்கி, பக்கத்தில் பிளாஸ்டிக் டாங்க் வைத்திருக்கிறார்கள். கரண்டு இருக்கும்வரை வசதிதான், மறுக்கவில்லை. போன அன்று தெருவுக்கே தண்ணீர் கிடையாது.

தண்ணீர் தவிர மருந்துக் கவலையும் ஒன்று உண்டு. மாமியாருக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் போடுகிறார். ஃபிரிட்ஜ் நின்றால் அந்த மருந்து என்னாகும் என்று பல வீடுகளில் பயப்படுகிறார்கள். பிரிக்காத இன்சுலினைத்தான் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். போட்டுக்கொண்டிருக்கும் குப்பி பெரும்பாலும் நான்கு வாரம் வரை, 30 டிகிரிக்குக் கீழே வெளியில் இருக்கலாம் (வகைக்கு வகை மாறும், பெட்டியில் இருக்கும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்). பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னக் கலயத்தை வைத்து, ஈரத்துணியால் மூடி வைத்தால் வெயில் நாளிலும் அந்தச் சூட்டைத் தாண்டாமல் காக்கலாம். ஐஸ் கட்டியோடு சேர்த்து வைக்கவே கூடாது. உறைந்துபோன இன்சுலின் உதவாது.

புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கவும் கூடாது. என் மகளை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் வெள்ளம் ஏறிய ஊர்களில் கிணறு கிணறாகப் போய் பிளீச்சிங் பவுடர் போட்டதை அவள் சொல்லித்தான் கேட்டேன். சாதாரணமாக ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம், வெள்ளம் இறங்கிய கிணற்றுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கிவிட வேண்டும். ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் எடுக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவும் வைத்துவிடுங்கள்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். மெயினை அணைத்து, லைன் கரண்டு அல்லது ஜெனரேட்டர் என்று ஏதாவது ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாகத்தான் அதை இணைக்க வேண்டும். பிளக்கில் அப்படியே சொருகினால் கரண்டு திரும்பி லைனில் ஏறும், அங்கே கம்பத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர் உயிர் போய்விடும். வீட்டுக்குள், வராந்தாவில் வைத்து ஓட்டவும் வேண்டாம். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒவ்வொரு ஊராட்சியும் தன் பொதுக் கிணறுகள், பள்ளிக்கூடக் கிணறு, அங்கன்வாடிக் கிணறு எல்லாவற்றையும் பார்த்து, கப்பியும் கயிறும் மாட்டிவைக்கட்டும். வலை இருக்கட்டும், அதில் பூட்டு போட்ட ஒரு சிறு கதவு வைத்தால் போதும். மோட்டார் இறக்கிய தெருக்களில் ஒரு அடிபம்பாவது மிச்சமிருக்க வேண்டும். கம்பிமேல் சாய்ந்திருக்கும் கிளைகளை மே மாதத்திலும் செப்டம்பரிலும் வெட்டிவிட வேண்டும். கிணறு உள்ள வீட்டுக்காரர்களும் யாரையும் எதிர்பார்க்காமல் இதைச் செய்யலாம். பேரிங் வைத்த கப்பி இப்போது கிடைக்கிறது, வயதானவர்கள்கூட இழுக்கலாம்.

அடுத்த முறை தாங்கள் மழைக்கால முன்னெச்சரிக்கைப் பட்டியல் வெளியிடும்போது, டார்ச்சுக்கு முன்னால் கப்பியையும் கயிற்றையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்.