பதினொரு கதைகளையும் வாசித்த பிறகு மகளுக்கு

கொக்குவில்,
ஆடி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின பதினொரு கதைகளையும் வாசித்து முடித்துவிட்டேன். போனில் எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடுகுதில்லை என்று மாமாவின் பேரன் சந்திக்குப் போய் எல்லாவற்றையும் தாளில் எடுத்துத் தந்தான். 118 பக்கம். விறாந்தையில் இருந்துதான் வாசித்தேன். இந்தமுறை சோளகக் காற்றுப் பிடித்த பிடியில் தாள்கள் வளவுக்குள் பறக்கத் தொடங்க, அம்மா கலைத்துப் பிடித்து, "இந்தாருங்கோ, உங்கடை மோளின்ரை கதை கிணத்தடியிலை நிக்குது" என்று கொண்டுவந்து தந்தா. பிறகு என் பழைய ஸ்ரிக்கை எடுத்து மேலே பாரத்துக்கு வைத்தேன். அச்சுக்கோக்கிற அந்த இரும்புத் தட்டுத்தான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, ஊரே இடம்பெயரேக்கை, அரிசிப் பைக்குள் வைத்துச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனேனே, அதே சாமான். அரிசியைக் குறைத்து இரும்பை ஏன் தூக்கினீர்கள் என்று கொம்மா இப்பவும் கேட்கிறா.

"புத்தகமாய்ப் போட எவ்வளவு முடியும் அப்பா, அங்கை அடிச்சால் மலிவோ" என்று கேட்டிருந்தாய். காசுக் கணக்கைப் பிறகு சொல்லுகிறேன். அதை முதலில் சொன்னால் மிச்சத்தை நீ வாசிக்க மாட்டாய்.

நான் கதைகாரன் இல்லை. ஆனால் 1969இல், பதினேழு வயதில், ரவுணுக்குள் ஒரு அச்சகத்தில் சேர்ந்த நாள் தொட்டு மற்றவர்களின் கதைகளை எழுத்து எழுத்தாய்க் கையால் தொட்டவன். இடது கையில் ஸ்ரிக். வலது கை எழுத்துப் பெட்டிக்குப் போய் வரும். 'க'வுக்கு ஒரு குழி, கொம்புக்கு (ெ) வேறு குழி, அரவுக்கு (ா) வேறு குழி. தும்பிக்கை வைத்த பழைய லை, னை எல்லாம் தனித்தனி ஈய எழுத்து. எல்லாம் கண்ணாடியில் பார்க்கிறமாதிரித் திரும்பி நிற்கும். ஒரு பக்கம் கோக்க ஒரு காலைப்பொழுது போய்விடும். 'ன்' தீர்ந்துவிட்டால், முந்தின பக்கத்தை அச்சடித்து எழுத்தைப் பிரித்துக் குழிகளில் போடும்வரைக்கும் கதாநாயகி படலையடியிலேயே நிற்பாள்.

"நிலவு மிளிர்ந்துகொண்டிருந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்த இரண்டாவது சொல்லுக்கு என் கை பதினாலு தரம் போய் வரவேண்டும். "மிளிர்ந்தது" என்றால் ஆறு தரம். நிலவு என்று மட்டும் விட்டிருந்தாலும் யாழ்ப்பாணத்தில் ஒருத்தரும் அது மிளிரவில்லை என்று நினைக்கப்போவதில்லை. பதினேழு வயதில் எனக்கு இலக்கியம் தெரியாது, கை நோவு தெரியும். எந்தச் சொல் வேலை செய்கிறது, எந்தச் சொல் சும்மா குந்தியிருக்கிறது என்று கை நோவுதான் எனக்குக் காட்டித் தந்தது. உன் கதைகளில் "கொண்டிருந்தது", "கொண்டிருந்தாள்" எல்லாவற்றையும் சிவப்பால் சுழித்திருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அடுத்தது என் பிழை ஒன்று. உனக்கு இதை நான் முந்திச் சொன்னதில்லை.

1974ஆம் ஆண்டளவில் ஒரு வாத்தியார் சிறுகதைத் தொகுப்பொன்று அடிக்கத் தந்தார். வடிவான கையெழுத்து, கொப்பித் தாளில். அதில் ஒரு கிழவி மருமகளிடம், "உதைக் கொண்டுபோய் உங்கினை வை" என்கிறாள். நான் அதை, "இதைக் கொண்டுபோய் இங்கே வை" என்று கோத்துவிட்டேன். வாத்தியாருக்குத் தமிழ் பிழைத்துப்போச்சு, நாங்கள் திருத்திவிடுவோம் என்ற எண்ணம். சரியான கெப்பர்! வாத்தியார் சைக்கிளில் வந்தார், வாசலில் நின்றபடியே ஒப்புநோக்கினார், அந்த இடத்தில் பென்சில் நின்றது. "தம்பி, உங்கடை வீட்டிலை ஆச்சி எப்பிடிக் கதைக்கிறவ?" அவ்வளவுதான் கேட்டார்.

இது என்றால் என் பக்கம். அது என்றால் இரண்டு பேருக்கும் தூரம். உது என்றால் கேட்கிற உன் பக்கத்தில் இருக்கிறது. மற்ற இடத்துத் தமிழ் பேச்சில் தொலைத்த அந்த நடுச் சுட்டை எங்கள் ஆச்சிமார் நாளுக்கு நூறு தரம் சொன்னார்கள். அந்தக் கதையில் சாமான் மருமகளின் கையில் இருக்கிறது, கிழவிக்கு எட்டவில்லை. அதுதான் அந்த இடத்துச் சண்டையே. நான் 'உ'வை எடுக்க, சாமான் கிழவியின் கைக்கு வந்துவிட்டது. அரைப் பக்கத்தையும் உடைத்துத் திரும்பக் கோத்தேன். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முதலே பேச்சுத் தமிழில் கதை எழுதலாமா, அது இழிசனர் வழக்கா என்று இங்கே பண்டிதர்களும் முற்போக்கு எழுத்தாளர்களும் பெரிய சண்டை பிடித்து ஓய்ந்திருந்தார்கள். அச்சகத்துக்குள் இருந்த எனக்கு அந்தச் சண்டை ஒரு கிழவியின் 'உ'வில்தான் விளங்கினது.

இப்ப உன்னுடைய இரண்டாவது கதைக்கு வா. அதில் ஆச்சி, "என்ன கண்ணு, சாப்பிட்டியா" என்கிறா. எங்கள் ஆச்சி உன்னை எப்ப கண்ணு என்று கூப்பிட்டவ? "குஞ்சு" என்பா. கோபம் வந்தால் "மூதேசி" என்பா. சாப்பிட்டாயா என்று கேட்டதே இல்லை, கோப்பையைக் கொண்டுவந்து முன்னால் வைப்பா. நீ நாடகம் பார்க்கிறதில் பிழை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கிற கிழவியை எங்கள் அடுப்படிக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறாய்.

ஐந்தாவது கதையில் மார்கழி மாதம் சோளகம் அடிக்கிறது. பிள்ளை, மார்கழியில் வாடை. சோளகம் வைகாசிக்குப் பிறகு, தெற்கிலிருந்து புழுதியும் கொண்டு வரும். இப்ப என் தாளைப் பறிக்கிறது அதுதான். பதினெட்டு வயதில் போனவள் நீ, மறந்திருப்பாய், அதில் குற்றமில்லை. மறந்ததை மறந்ததாகவே எழுதியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். எல்லாம் நினைவிருக்கிறமாதிரி எழுதினபடியால்தான் பிடிபட்டாய்.

ஏழாவது கதையை மட்டும் மூன்று தரம் வாசித்தேன். நீ இரவு வேலை செய்கிற முதியோர் இல்லத்துக் கதை. அந்த இத்தாலிக் கிழவர் இரவுச் சாப்பாட்டில் ஒரு துண்டு பாணை எடுத்துத் துடைக்கிற கடதாசியில் சுற்றிக் காற்சட்டைப் பைக்குள் ஒளிக்கிறார். நீ கண்டும் காணாதமாதிரிப் போகிறாய். அதில் நிலவு இல்லை, மண்வாசனை இல்லை, யாழ்ப்பாணம் என்ற சொல்கூட இல்லை. நாலரைப் பக்கம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய், அடுப்படியில் பாண் இருந்த பேணியின் மூடியைச் சரிபார்த்துவிட்டு வந்தா.

எழுத்தாளர்கள் எங்கே படித்து வருகிறார்கள் என்று கேட்டிருந்தாய், அங்கே அதற்கு வகுப்புகள் இருக்கிறது, காசு கட்டிச் சேரவோ என்று. விருப்பமென்றால் சேர், கெட்டுப்போக மாட்டாய். இங்கே வகுப்பு இருக்கவில்லை, சஞ்சிகை இருந்தது. 1930இல் சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையா தொடங்கின ஈழகேசரி, பள்ளிக்கூடப் பெடியளுக்கும் இடம் கொடுத்தது. அதில் கைபழகினவர்கள் சிலர் 1946இல் மறுமலர்ச்சியைத் தொடங்கினார்கள். டொமினிக் ஜீவா கஸ்தூரியார் வீதியில் சலூனில் தலைமயிர் வெட்டினவர், பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர். அந்தக் கதிரையில் வந்து இருந்தவர்கள் எத்தனை கதை கதைத்திருப்பார்கள்! அவர் 1966 ஆவணியில் மல்லிகையைத் தொடங்கி, நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். தோளில் பையைக் கொளுவிக்கொண்டு, மல்லிகையைத் தானே றோட்டு றோட்டாய் விற்றுக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவன் நான். எழுதினவர்களில் கனபேர் வாத்தியார், கிளறிக்கல், தபால் கந்தோர். எழுதிச் சாப்பிட்டவர் என்று ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. நீ இரவு வேலையை விடுகிற எண்ணத்தில் இருந்தால் உடனே கைவிடு. அந்தக் கிழவர் வேறு எங்கே கிடைப்பார்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையில் கடதாசி வரவில்லை. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தது உனக்கும் நினைவிருக்கும், நீ அதில் கோட்டுக்கு மேலே எழுதிப் பழகினாய். பன்னிரண்டு பக்கக் கதையோடு வருகிறவரிடம் நாலு பக்கம்தான் இருக்கிறது என்று சொல்லுவோம். முகம் கறுக்கும், போய்விடுவார்கள். ஒரு கிழமையால் நாலு பக்கத்தோடு வருவார்கள். பாதிப் பேரின் கதை அப்போதுதான் கதையானது. மற்றப் பாதி நாலு பக்கத்திலும் கூடாத கதைதான், அதையும் சொல்ல வேணும்.

ஆகவே முதல் வேலை, புத்தகத்தை மறந்துவிட்டு ஏழாவது கதையைத் தனியாய் அனுப்பு. நீ இருக்கிற ரொறொன்ரோவிலேயே காலம் சஞ்சிகை 1990 முதல் வருகிறது. இங்கே அல்வாயிலிருந்து ஜீவநதி வருகிறது, கொழும்பிலிருந்து ஞானம். ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப வேணும், மூன்றுக்கும் சேர்த்து அனுப்பிப்போட்டு இருக்காதே. பதில் வராமலே போகலாம். நானும் 1979இல் ஒரு கதை அனுப்பினேன், ஒரு சஞ்சிகைக்கு, பெயர் வேண்டாம். ஒன்றரை வருடத்தால் அவர்கள் கந்தோருக்குப் போனால், என் தாளின் பின்பக்கத்தில் ஆரோ தேத்தண்ணிக் கணக்கு எழுதியிருந்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் வைத்து வாசித்தால் கணக்குத்தான் திறமாய் இருந்தது. அந்தக் கதையும் வேறு சிலதும் எழுதின கொப்பியை இடம்பெயரேக்கை பரணில் விட்டுப் போய், அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லை, கொப்பி மழையில் ஊறிப் பாண் துண்டுபோல இறுகிக் கிடந்தது. பெரிய நட்டமில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 புத்தகம் எரிந்த ஊரில் என் கொப்பிக்கு ஆர் அழுகிறது? ஆனால் நீ ஒரு பிரதி வேறு எங்கேயாவது போட்டு வை.

பழசு வாசிக்க வேணுமென்றால் நூலகம் இணையத்தளத்தில் ஈழகேசரி, மறுமலர்ச்சி, மல்லிகை எல்லாம் இருக்கிறது, காசில்லை. பெரிய எழுத்தாளர்களின் பேர்போன கதைகளை விட்டுவிட்டு, அவர்கள் தொடக்கத்தில் எழுதினதுகளைத் தேடி வாசி. சிலது படுமோசம். நித்திரை வராத நேரம் நல்ல ஆறுதல்.

இனிக் காசு. இங்கே புத்தகம் போடுகிறது என்றால் கூடுதலாய் எழுதினவரே காசு போடுகிறதுதான். 300 பிரதி அடிப்பார்கள். வெளியீட்டு விழா வைக்க வேணும்: விளக்கேற்றி, வரவேற்புரை, ஆசியுரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, கடைசியில் எழுதினவரின் ஏற்புரை, அதற்குள் சனம் வடையும் தேத்தண்ணியும் முடித்து எழும்பிவிடும். முதல் பிரதியை ஒரு கடை முதலாளி வாங்குவார், சொந்தக்காரர் என்வலப் தருவார்கள், மிச்சம் கட்டிலுக்குக் கீழே. எனக்குத் தெரிந்த ஒருவரின் புத்தகத்தில் பதினாறு பக்கம் தலைகீழாய்க் கட்டப்பட்டு வந்தது, விழாவுக்கு வந்த ஒருத்தரும் சொல்லவில்லை. ஒருத்தரும் வாசிக்கவில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ யூனிக்கோட்டில் அடித்ததை இங்கே அச்சகத்துப் பாமினி எழுத்துருவுக்கு மாற்றினால், மேற்கோள் குறிகளும் இங்கிலிஸ் சொற்களும் குழம்பும், அதை நீயே கடைசியாய் ஒருக்கால் பார்க்க வேணும். ஐஎஸ்பிஎன் கொழும்பில் தேசிய நூலகத்தில் எடுக்கலாம், அது பெரிய அலுவல் இல்லை. எல்லாம் செய்து தருவேன். ஆனால் ஏழாவது கதைபோல இன்னும் ஆறேழு வந்த பிறகு. அதற்கு மூன்று வருடம் எடுத்தால் எடுக்கட்டும், எனக்கு எழுபத்துமூன்றுதான்.

சிவப்புப் பேனையால் திருத்தின தாள்களைக் கொழும்பால் வருகிற ஆளிடம் கொடுத்து விடுகிறேன். கண்டபடி கீறியிருக்கிறேன் என்று கோபிக்காதே. ஏழாவது கதையில் கீறல் குறைவு. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன். விடிய எழும்பி அந்தப் பாணை அவர் என்ன செய்கிறவர்? சாப்பிடுகிறவரோ, எறிகிறவரோ, அப்படியே பைக்குள் இருக்கிறதோ? உன்னுடைய வேலை காலை ஏழு மணிக்கு முடிகிறது என்று எழுதியிருந்தாய். ஒரு நாள் கொஞ்சம் பிந்திப் போய்ப் பார்.

அன்புடன்,
அப்பா